வாக்கெடுப்பு இல்லாத விருது

நீங்கள் கொடுத்திருக்கும் நாற்காலி ஒரு பக்கமாக ஆடுகிறது. குறையாகச் சொல்லவில்லை, நான் அசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்துப் பதற்றம் என்று நீங்கள் குறித்துக்கொள்ளக் கூடாது. பொதுவாகவே எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. "உங்க கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு?" என்று என் மனைவி கேட்பாள்.

நகராட்சியின் சிறந்த ஊழியர் விருதுக்குப் பாராட்டுரை எழுதுபவன் நான். ஆளைத் தேர்ந்தெடுப்பது குழு. எழுதுவது மட்டுமே என் வேலை. ஆணையரின் வண்டியோட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். வண்டியை எதன்மீதும் மோதாமல் ஓட்டியது அவருடைய அரும்பணி. பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவில் நாள்தோறும் உறங்கும் ஒருவரை 'நிதானம் தவறாதவர்' என்று எழுதினேன். பலத்த கைதட்டல்.

உண்மையில் தகுதியுடையவர் ஒருவரே இருந்தார். அவர் மழைநீர் வடிகால் மேற்பார்வையாளர்; அலுவலகத்தில் அவருக்குத் 'தூர்வாரி' என்று பட்டப்பெயர். மழைக்காலத்தில் நகரம் மூழ்காதிருந்தது அவரால்தான். மூழ்காத நகரத்தை யார் கவனிக்கிறார்கள்? ஆண்டுதோறும் அவரைப் பற்றி எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன்; ஆண்டுதோறும் அது திரும்பி வந்தது. நான் எழுதியவற்றுள் அதுவே ஆகச் சிறந்தது. அதிலிருந்து ஒரு சொல்லையும் நீக்க இயலாது, நீக்கிப் பார்த்திருக்கிறேன்.

அவருக்கோ அதில் துளியும் அக்கறை இல்லை.

"விடுங்கண்ணே. எனக்கு மெடல் குத்திவிட்டா சாக்கடை மணக்கவா போகுது?"

"உன் வேலை ஊருக்குத் தெரிய வேணாமாப்பா?"

"என் வேலை ஊருக்குத் தெரிஞ்சுதுன்னா, ஊரு முங்கிடுச்சுன்னு அர்த்தம்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விருது விதிகளுள் ஒன்று: பணியின்போது உயிரிழந்தவருக்கு வாக்கெடுப்பு கிடையாது, விருது தானாகவே அவரைச் சேரும். இந்த ஆண்டும் குழு அவரை மறுத்தபின் அந்த விதியைத் தவிர வேறெதிலும் என் மனம் நிற்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். படுத்தால் புரண்டேன். தகுதிக்கும் விருதுக்கும் இடையே ஒரேயொரு தடைதான் இருந்தது; அது, அவர் உயிரோடு இருப்பது.

நீரேற்று நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடைப்பு நீக்கத் தொட்டிக்குள் இறங்குபவர் பம்பை நிறுத்திவிட்டு, தம் சட்டையைக் கழற்றி அதன் சுவிட்ச் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்குவார். சட்டை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். சுவிட்சுக்குப் பூட்டு ஒன்று கேட்டிருந்தார்கள், கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது.

அன்று பிற்பகலில் மழை வலுத்தது. நான் நிலையத்துக்குப் போனேன். தூர்வாரி கீழே இருந்தார். பம்ப் இயக்குபவர் அதற்கு முன்பே தேநீர் குடிக்க வெளியே போயிருந்தார். சட்டையை எடுத்தேன். கசங்கவிட மனம் வரவில்லை. மடித்து, உடைமாற்றும் அறையின் பெஞ்சில் வைத்தேன். சுவிட்சை நான் தொடவே இல்லை.

இயக்குபவர் நனைந்தபடி ஓடிவந்தார். தெருவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டிருந்தது. பம்ப் தானாக நின்றுவிட்டது என்று நினைத்துக் கைப்பிடியைப் பார்த்தார். சட்டை இல்லை. சுவிட்சைப் போட்டார். நான் அருகில்தான் நின்றேன். ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் நான் சொற்களை வீணாக்குவதில்லை.

விருது அறிவிக்கப்பட்டது. பாராட்டுரையைக் குழு ஒரு திருத்தமுமின்றி ஏற்றது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அதன்பிறகுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நகராட்சி விசாரணை அதிகாரி, பெஞ்சில் மடித்துவைத்திருந்த சட்டையைக் காரணம் காட்டி, அதை மாட்டாமல் இறங்கியது இறந்தவரின் கவனக்குறைவே என்று முடிவு செய்தார். கவனக்குறைவால் இறந்தவருக்கு விருது இல்லை, அதுவும் விதியே. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இந்த விவகாரத்தில் என் பிழை அது ஒன்றுதான். விருது மறுபடியும் வண்டியோட்டிக்கே போகிறது.

நேற்று தூர்வாரியின் மகள் என் மேசையருகே வந்து நின்றாள்.

"எங்கப்பா சட்டைய மாட்டாம இறங்குற ஆளா, பெரியப்பா? வீட்ல பல்பு மாத்துறதுக்கே சட்டையக் கழட்டி மெயின்ல தொங்கவிடுவாரு. அம்மா கிண்டல் பண்ணிப் பண்ணியே ஓஞ்சு போனாங்க. அவரப் போயி கவனமில்லாதவருன்னு எழுதிட்டாங்க. நீங்க நல்லா எழுதுவீங்களே, எதாவது எழுதுங்க பெரியப்பா."

இதற்கு எழுத்து போதாது என்பதால் நேரில் வந்திருக்கிறேன். அவர் கவனமானவர். சட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்கினார். எடுத்தவன் நான். அவரைக் கொன்றவன் நான். அந்தப் பெண்ணுக்காகவும் அவருடைய நற்பெயருக்காகவும் மட்டுமே இதைச் சொல்கிறேன். எனக்கென்று இதில் எதுவுமில்லை.

ஓர் ஐயம் மட்டும் உண்டு. கொலை செய்யப்பட்டவர், பணியின்போது உயிரிழந்தவர் ஆவாரா? விதியில் தெளிவில்லை. ஆவார் என்றே நீங்கள் எழுதிக்கொடுத்தால் குழு மறுக்காது. விழா வாரக்கடைசியில் நடக்கிறது. அன்று மாலை மட்டும் என்னை அங்கே அழைத்துப் போங்கள். கைவிலங்கோடு வேண்டுமானாலும் வருகிறேன். பாராட்டுரையை வாசிக்க ஆணையர் கையில் கொடுத்தால் இரண்டாம் பத்தியை அப்படியே விழுங்கிவிடுவார்.