அழிக்க முடியாத அத்தை

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! வியர்வையால் வயலையும் வசவால் எங்களையும் வளர்த்தெடுத்த பெரியோர்களே! தரம் பிரிக்கும் கொட்டகையிலிருந்து கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்துக் கண்ணயரத் தொடங்கிவிட்ட லாரி ஓட்டுநர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

பிளாக்செயின் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் என் அத்தையைப் பற்றிப் பேசப் போகிறேன். அதோ, முன்வரிசை சிரிக்கிறது! வெடி அத்தையின் குரலை மறக்க முடியுமா உங்களால்?

நம் சங்கம் பிறந்த புதிது. தக்காளியை நேராக நகரத்துக் கடைக்கு அனுப்பும் முதல் லாரி. அது சரக்கோடு திரும்பி வந்தால் சங்கம் கலைந்தது. பழையபடி தரகர் வாசல்தான்! பறித்தவர், ஏற்றியவர், வாங்கியவர் எல்லோர் கையிலும் ஒரே பதிவு. ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் அழிக்க முடியாது. அதுதானே பிளாக்செயின்? எழுத வராதவர்கள் கைப்பேசியில் பேசினாலே குரல் அப்படியே பதிவாகும் என்றார் கணினிக்காரர். ரகமும் எடையும் சொல்லச் சொல்லி அத்தையிடம் நீட்டினார். அத்தையோ, மறுமுனையில் கடைக்காரரே காத்திருக்கிறார் என்று எண்ணிவிட்டார்!

“அலோ! நல்லா இருக்கீங்களா? மேல இருக்கறதப் பாத்து மயங்கிடாதீங்க. அடியில இருக்கற பெட்டியெல்லாம் மழையில நனைஞ்சது. மொதல்ல அத வித்துடுங்க. என்ன, சத்தத்தையே காணோம்?”

“காரியத்தையே கெடுத்துட்டீங்களே அத்தை! இத அழிக்கவே முடியாதே!” என்று கத்தினேன்.

“உள்ளதத்தானே சொன்னேன்? அத எதுக்குடா அழிக்கணும்?” என்றார்.

லாரி போனது. எங்கள் உயிரும் கூடவே போனது. மறுநாள் கடைக்காரர் அழைத்தார்: “நனைஞ்சத மொதல்ல வித்துட்டோம், ஒரு பழம் வீணாகல. அந்த அம்மா பேசி அனுப்புற சரக்கு எதுவானாலும் எங்களுக்கே அனுப்புங்க.”

சங்கம் பிழைத்தது! எதனால் பிழைத்தது? இயந்திரத்தாலா? பொய்யைச் சொல்லியிருந்தால் அந்தப் பொய்யையும் அல்லவா அது பத்திரமாகக் காத்து வைத்திருக்கும்! சங்கிலி கடல் தாண்டி நீளட்டும், கண்டம் தாண்டி நீளட்டும். அதன் முதல் கண்ணி மனசாட்சி அல்லவா, பெருமக்களே?

இன்று கொட்டகை பெரிதாகிவிட்டது. காலையில் நுழைந்தால் ஈரத் தக்காளி வாசம் அப்படியே இருக்கிறது. அதட்டும் குரல்தான் இல்லை. அத்தை போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. மனம் கனக்கும்போதெல்லாம் அந்த முதல் பதிவைத் திறக்கிறேன். “அலோ! நல்லா இருக்கீங்களா?” என்று கேட்கிறார். அழிக்க முடியாதே என்று அன்று தலையில் அடித்துக்கொண்டவன், அழிக்க முடியாது என்பதற்காகவே இன்று கைகூப்புகிறேன்.

இவ்வளவு நேரம் செவி கொடுத்தீர்கள், நன்றி. அத்தை கேட்டதையே நானும் கேட்டு விடைபெறுகிறேன். எல்லாரும் நல்லா இருக்கீங்களா? நல்லாவே இருக்க வேண்டும்! வணக்கம்.