தேங்காய் நிமிர்ந்த இடம்

உங்கள் நிலையத்துத் தேநீர் நன்றாக இல்லை, சேர். குறையாகச் சொல்லவில்லை. தேயிலையிலும் பிழையில்லை, ஊற்றித் தந்த பொலிஸ்காரரிலும் பிழையில்லை; பின்பக்கக் கிணற்றில்தான் பிழை. இந்தத் தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது, பாலின் மேல் ஆடை மாதிரி. மேலால் மெதுவாக அள்ளினால் குடிக்கலாம். மோட்டர் போட்டு உறிஞ்சினால் கீழே கிடக்கும் உப்பு எழும்பி வந்துவிடும். உங்கள் ஆட்கள் மோட்டர் போட்டிருக்கிறார்கள். என் வாக்குமூலம் எழுதி முடிந்ததும் அதை ஒருக்கால் கவனியுங்கள்.

பெயர் கனகரத்தினம். தொழில், நிலத்தடி நீர் ஆலோசகர். நானும் என் தங்கை மகள் நிருஷாவின் புருஷன் கோகுலனும் சேர்ந்து நடத்திய நிலையம் அது. மன்னார் நகரில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு அலுமாரி, இரண்டு கதிரை, வாசலில் ‘தெளிநீர் ஆலோசனை நிலையம்’ என்று ஒரு பலகை. பலகையில் என் பெயர் மேலே. கோகுலன் பேராதனையில் நிலவியல் படித்தவன். அவனிடம் ஒரு பெட்டி இருந்தது. நிலத்தில் இரும்புக் கூர்களை அடித்து, வயர் தொடுத்து, மின்சாரம் பாய்ச்சினால் எந்த ஆழத்தில் நல்ல தண்ணீர், எங்கே உப்பு என்று அது சொல்லிவிடும். என்னிடம் இருந்தது தேங்காய்.

சிரிக்காதீர்கள். தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு காணியில் நடப்பேன். கீழே நீரோட்டம் உள்ள இடத்தில் அது தானாக நிமிர்ந்து நிற்கும்.

சண்டை முடிந்து சனம் முகாம்களிலிருந்து திரும்பிய காலம் எங்கள் தொழிலுக்கு நல்ல காலம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. உதவி நிறுவனங்கள் வந்து முதலில் கக்கூஸ் கட்டின. கழுவத் தண்ணீர் வேண்டும் என்பது பிறகுதான் யாருக்கோ நினைவு வந்தது. அப்போது எங்களைத் தேடி வந்தார்கள். அவர்களுக்குப் பெட்டியில் நம்பிக்கை. சனமோ காணிக்குள் யாராவது வயர் இழுத்தாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு விலகி ஓடும். அந்த மண்ணில் வயர் என்றால் அதன் நுனியில் என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தேங்காயில் நம்பிக்கை. ஆகவே நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். முதல்நாள் கோகுலன் பெட்டியோடு போய்ச் சத்தமில்லாமல் பார்த்துவிடுவான். மறுநாள் ஊர் கூடி நிற்க, நான் தேங்காயோடு நடப்பேன். சரியான இடம் வந்ததும் கோகுலனுக்கு இருமல் வரும். தேங்காய் நிமிரும். பெண்கள் கும்பிடுவார்கள்.

எனக்கென்று ஒரு பெயர் வந்தது. நானாட்டானிலிருந்து ட்ராக்டர் அனுப்பி அழைத்துப்போனார்கள். எருக்கலம்பிட்டியில் அபூசாலி என்ற வியாபாரி, கனகரத்தினம் ஐயா வந்து இடம் காட்டாமல் மகளின் வீட்டுக்குக் கிணறு வெட்டுவதில்லை என்று மாதக்கணக்கில் காத்திருந்தார். அதற்குமுன் ஐம்பது வயதுவரை எனக்காக யாரும் காத்திருந்ததில்லை. நாளடைவில் இன்னொன்றையும் கவனித்தேன். இருமல் கேட்பதற்கு முன்பே தேங்காய் என் கையில் அசையத் தொடங்கிவிடும். இதைக் கோகுலனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதனால்தான் ஒருநாள் அவனுக்குச் சொல்லாமல் முசலிக் கரைப்பக்கம் தனியாகப் போனேன். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தோடு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பிய சபூரா என்ற விதவையின் காணி. தேங்காய் நிமிர்ந்தது. அவரும் மகன்மாரும் கல்லை உடைத்துக் கிணறு வெட்டினார்கள். வந்தது உப்பு. அது தெரியுமுன் ஊற்றியதில், புத்தளத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த தென்னம்பிள்ளைகளும் கருகிப்போயின. அதைத் தேங்காயின் பிழை என்றும் சொல்லமுடியாது. அன்று நான் கொண்டுபோனது நீர் வற்றின பழைய காய்.

சபூரா கந்தோருக்கு வந்து சத்தம் போடவில்லை. கதிரையில் இருந்து, கொண்டுவந்த போத்தலைக் கோகுலனின் முன்னால் வைத்து, குடித்துப் பார்க்கச் சொன்னார். அவன் முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்தான். படித்த பிள்ளைகளுக்கு இப்படியொரு பழக்கம் இருக்கிறது. அவர் படியிறங்கிப் போனபின் என் பக்கம் திரும்பினான்.

“பாப்பாமோட்டையோட தேங்காய் முடிஞ்சுது மாமா. அங்க சனத்தைக் கூப்பிட்டு வைச்சு எல்லாத்தையும் சொல்லப்போறன்.”

பாப்பாமோட்டைதான் எங்களுக்கு அடுத்த வேலை. எல்லாவற்றையும் என்றால் இருமலையும்தான். பாப்பாமோட்டையில் சொன்னால் நானாட்டானில் அன்றைக்கே தெரிந்துவிடும். எருக்கலம்பிட்டிக்குப் போக இரண்டு நாள் எடுக்கும். என்னைக் கண்டால் சந்தியில் நிற்கிறவனெல்லாம் இருமுவான். இதை நீங்கள் ஒரு மனிதனின் இடத்தில் நின்று யோசிக்கவேண்டும்.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். பெட்டி காட்டிய இடத்தை இந்த முறை எனக்குச் சொல்லக்கூடாது, இருமவும் கூடாது. தேங்காய் நிமிர்ந்தால் அது உண்மை; நிமிராவிட்டால் அவன் தன் விருப்பப்படி சொல்லட்டும். அவன் சரி என்றான்.

நாங்கள் பாப்பாமோட்டைக்குப் போனதற்கு முதல்நாள் பின்னேரம் தொடங்கி விடியும்வரை மழை. காணியெல்லாம் சேறு. என் செருப்பை மண் பிடுங்கிக்கொண்டதால் வெறுங்காலோடுதான் நடந்தேன். வசந்தமலர் என்பவரின் தகரக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு, சண்டைக்காலம் முழுவதும் பனங்குற்றிகள் போட்டு மூடிக்கிடந்தது. அதனருகே தேங்காய் நிமிர்ந்தது. யாரும் இருமவில்லை. என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான காலை அதுதான், சேர். கண் கலங்கிவிட்டது.

இடம் சரிதான் என்று கோகுலனும் ஒத்துக்கொண்டான். பெட்டியும் அதையே காட்டியதாம். நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். இனிச் சொல்லவேண்டிய தேவை இல்லைத்தானே என்று கேட்டேன்.

“சொல்லத்தான் வேணும் மாமா. சபூரா அக்காவுக்கு நடந்தது இன்னொராளுக்கு நடக்கப்படாது. இந்தப் பழைய கிணத்தில இறங்கி அடித்தண்ணி எடுத்துப் பார்த்திட்டு, பின்னேரம் கதைக்கிறன்.”

மூடிக்கிடந்த கிணற்றில் இறங்குவதற்கு முன் லாந்தர் இறக்கிப் பார்ப்பது வழக்கம். அடிவரை எரிந்தால் ஆள் இறங்கலாம். இடையில் அணைந்தால் கீழே கெட்ட காற்று. இறங்கியவன் மயங்கி விழுவான், அதோடு சரி. எங்கள் நிலையத்தில் லாந்தர் என் பொறுப்பு. குற்றிகளைப் புரட்டித் தந்துவிட்டு ஊர்ச்சனம் வசந்தமலர் வீட்டு முன்பக்கம் தேநீருக்குப் போயிருந்தது. கோகுலன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் லாந்தரை இறக்கினேன். பாதிக் கிணறு போகுமுன்பே அணைந்துவிட்டது.

மேலே இழுத்து, மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்து மறுபடி கொளுத்தினேன். பெரிய வேலை ஒன்றுமில்லை, சுருட்டுப் பற்றவைக்கும் நேரம்தான்.

“விளக்கு எரிஞ்சதோ மாமா?”

“ஓம். வடிவா எரிஞ்சது. இறங்கும் தம்பி.”

அவன் திரும்பி என் கையிலிருந்த லாந்தரைப் பார்த்தான். எரிந்துகொண்டிருந்தது. வேறொன்றும் கேட்காமல் கயிற்றைப் பிடித்து இறங்கினான். கீழேயிருந்து ஒருதரம் “மாமா” என்றான். பிறகு சத்தமில்லை. நான் லாந்தரை அணைத்து, கண்ணாடியில் பிடித்திருந்த கரியைச் சாரத்தால் துடைத்து வைத்துவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஓடிவந்தவர்களில் வசந்தமலரின் மகன் கயிற்றைப் பிடித்துவிட்டான். அவனை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நிறுத்தியது நான்தான். விட்டிருந்தால் இரண்டு பிணம். மரண விசாரணையில் அதைப் பாராட்டிச் சொன்னார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்பதை நீங்களும் ஒரு வரி எழுதினால் நல்லது.

நிருஷாவுக்கு அப்போது ஆறாம் மாதம். பிள்ளை பிறந்ததும் ஏணை கட்டிக் கொடுத்தது நான். மாமா இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்துவிடும். நித்திரை வருகிறதா என்று கேட்டீர்கள். நன்றாக வருகிறது. நேற்றிரவு மட்டும்தான் வரவில்லை.

நேற்றுப் பாப்பாமோட்டையில் கிணற்றைத் திறந்துவைத்தார்கள். இறைத்துத் துப்புரவாக்கிக் கட்டிய பிறகு தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கிறது. மேலே ஒரு பலகை: இந்த நீரைக் கண்டறிந்து உயிர்நீத்த கோகுலன் நினைவாக. வந்தவர்கள் எல்லாரும் அவனைப் பற்றிப் பேசினார்கள். என்னை முன்வரிசைக் கதிரையில் இருத்தி, மருமகனைப் பறிகொடுத்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். தேங்காயைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கூட்டம் கலையும்போது வசந்தமலர் வந்து நிருஷாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்டைக்கு ஐயா தேங்காயோட நடக்கேக்க, அந்தத் தம்பி கிணத்தடியில நிண்டு ஒரே இருமல் பிள்ளை. மல்லித்தண்ணி வைச்சுக் குடுப்பமெண்டு அடுப்பை மூட்டினன். குடிக்கிறதுக்கு அவர் வரேல்ல.”

நிருஷாவுக்கு எங்கள் முறை தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“கடைசி வரைக்கும் உங்களை விட்டுக்குடுக்கேல்ல, மாமா.”

அதைக் கேட்டபின் வீட்டில் இருக்க முடியவில்லை. விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன். அவனைக் கொன்றது நான். அதில் மறுப்பில்லை, எங்கே கையொப்பம் வேண்டுமோ வைக்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீரைக் கண்டுபிடித்ததும் நான்தான், அந்தப் பலகையை மாற்றவேண்டும். அவன் இருமியது உண்மை. என் காதிலும் விழுந்தது. தூசிக்கு இருமினான். அப்படியே எழுதுங்கள், சேர். அன்று பாப்பாமோட்டையில் நல்ல தூசி.