முதுகுக்காக வித்த மாடுங்க

இல்ல தம்பி, அவரு வரமாட்டாரு. ஹாரன் அடிக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு வெண்டல் காலையிலயே சொல்லிட்டாரு, கறந்து மட்டும் விடுறேன், மாடுங்கள லாரியில ஏத்துறப்ப நீ நின்னு பாத்துக்க மேவிஸ்னு. கறந்து முடிச்சு உள்ள போனவருதான்.

அவள முதல்ல இழுக்காதீங்க. அந்த வெள்ளைக்காலு, பியூலா. முன்னாடி யாராச்சும் போனாத்தான் போவா. பக்கத்துல நிக்கிற பெர்ல் மாட்ட ஏத்துங்க, பின்னாலயே வந்துருவா. பாத்தீங்களா.

அயோவா வரைக்குமா? மெதுவாப் போங்க. இந்த விஸ்கான்சின் மாநிலத்தத் தாண்டிப் போனதே இல்ல இதுங்க.

ஏன் விக்கிறோம்னா, என் முதுகுக்காகத்தான். டிஸ்க் பிதுங்கி நரம்ப அழுத்திருச்சு. வருஷக்கணக்கா கறவை மிஷினத் தூக்கித் தூக்கி மடிக்குக் கீழ குனிஞ்சா வேற என்னாகும். ஆபரேஷன்னா பெருசா எல்லாம் கிழிக்கல. சின்னதா ஒரு ஓட்டை, அதுல குழாய விட்டு வேலைய முடிச்சுட்டாங்க. சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பிளாஸ்திரி உங்க கட்டைவிரல் நீளந்தான் இருக்கும். அதுக்குப் போயி சர்ச்சுல இருந்து பாத்திரம் பாத்திரமா நூடுல்ஸும் டூனா மீனும் வந்துச்சு. இவ்வளவு சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் பெருசாக் கிழிச்சிருக்கலாமேன்னு வெண்டல் கிண்டல் பண்ணாரு.

குனியாத, தூக்காத, திரும்பாதன்னுட்டாங்க. ரெண்டு வேளைக் கறவையும் அவரு தலையில. கறந்துட்டு வந்து என் ஷூவுக்குக் கயிறு கட்டிவிடுவாரு. கல்யாணம் கேக்கும்போதுகூட மண்டி போடாத மனுஷன்.

ஒரு நாள் நான் கண்ணு முழிச்சா, போர்வையில வெயில் விழுந்து கிடக்குது. சும்மா படுத்துக்கிட்டு அதையே பாத்துட்டிருந்தேன். கல்யாணமாகி அதான் முதல் தடவ தம்பி. எங்க தேனிலவே ஒரு ராத்திரிதான், மறுநாள் சாயங்காலக் கறவைக்கு வந்து நின்னோம்.

தினமும் கேப்பாரு, இன்னிக்கு எப்படி இருக்குன்னு. இன்னும் இழுக்குதும்பேன்.

கடைசியா டாக்டர்கிட்டப் போனப்ப, பூட்ஸெல்லாம் சாணின்னு வெண்டல் வண்டியிலயே உக்காந்துட்டாரு. நான் வந்து சொன்னேன், இனிமே கறவைப் பக்கமே போகக்கூடாதாம்னு. எங்க ரோட்டு முனையில திரும்பும்போது சொன்னாரு, அப்ப வித்துருவோம்னு. அவங்கப்பா கட்டுன தொழுவம் அது. நான் வேணாம்பேன்னு எதிர்பாத்தாரோ என்னவோ. நான் ரோட்டையே பாத்துட்டு வந்தேன்.

நேத்து கறவைக்கு நடுவுல பியூலா கழுத்துல கை போட்டுக்கிட்டு நின்னாரு. என்னையப் பாத்ததும் கைய எடுத்துட்டாரு. உன் முதுக நான்தான் கெடுத்தேன், மன்னிச்சிக்க மேவிஸ்னாரு. காப்பி போடுறேன்னு திரும்பி நடந்துட்டேன்.

எல்லாம் ஏறிருச்சா? சரி, மாடு ஏறுன பலகைய மடிங்க. என்ன, வரலையா? ஐஸ் புடிச்சிருக்கும். ஒத்த ஆளுக்கு அசையாது. நீங்க அந்தப் பக்கம் போங்க, நான் இங்க புடிக்கிறேன்.

அட, புடிங்கன்னா. ம், தூக்குங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்.

முதுகா? அது நல்லாத்தான் இருக்கு. வலி போயி ரொம்ப நாளாச்சு தம்பி. அந்த டாக்டர் என் கையக் குலுக்கி, இனி எல்லா வேலையும் பாக்கலாம்மான்னுதான் அனுப்புனாரு.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? என்னைய இல்லையா?

சமையக்கட்டு ஜன்னல்லயா.

வெண்டல் எவ்வளவு நேரமா நிக்கிறாரு?