உதைக்காத துப்பாக்கி

இந்தத் துப்பாக்கி உதைக்காது. நீங்கள் முதலில் கேட்டது அதைப் பற்றித்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன், ரஞ்சிதா மேடம். கம்பி வைத்த மணிக்கட்டோடு இதை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் பாதியை விட்டுவிடுகிறார். அதனால்தான் பேப்பரும் பேனாவும் கேட்டு வாங்கினேன். பத்தாவது வரை படித்திருக்கிறேன், என் எழுத்து எல்லோருக்கும் புரியும்.

என் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் இருந்தவரை வீட்டில் இரட்டைக்குழல் துப்பாக்கிதான். உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். அவர் ஆறு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்த பிறகு, வாரிசு என்ற முறையில் லைசென்ஸ் என் பேருக்கு மாறியது. ஒரே ஒரு தடவை அதை வெடித்துப் பார்த்தேன். தோள்பட்டை ஒரு வாரம் கருத்துக் கிடந்தது. கிணற்று மேட்டில் விழுந்து கையை முறித்துக்கொண்டவளுக்கு அது ஆகாது என்று தெரிந்துவிட்டது. அதைக் கொடுத்துவிட்டு சேலத்தில் ஒரு கடையில் சின்னதாக ஒரு கைத்துப்பாக்கி கேட்டேன். கடைக்காரர் நாலைந்தை மேஜைமேல் வைத்தார். மற்றதிலெல்லாம் தோட்டா ஏற்றுவதற்கு மேல்பாகத்தை என்னால் பின்னுக்கு இழுக்கவே முடியவில்லை. இது மட்டும் இழுத்தவுடன் வந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. இடுப்பில் சொருகி முந்தானையைச் சுற்றிக்கொண்டால் சாவிக்கொத்து என்றுதான் நினைப்பார்கள். தினம் கூடவே வைத்துக்கொள்வதற்கு இதைவிட நல்லது கிடையாது, யார் கேட்டாலும் சொல்வேன்.

எங்கள் நிலத்துக்கு மேற்கே மூடிப்போன கல்குவாரி ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை அங்கே போய்த் தேங்காய் ஓட்டை வைத்துச் சுட்டுப் பழகினேன். அனுமதி இல்லாத இடத்தில் சுட்டது தப்புதான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டேன். தோள் வலிக்கப்போகிறது என்று காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. யாரோ என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு விட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான். என் கையை மனுஷர் யாராவது தொட்டு எத்தனை நாளாயிற்று என்று அங்கேயே நின்று யோசித்தேன். வளையல்காரர் தொட்டதுதான் கடைசி, அதுவும் வீட்டுக்காரர் இருந்தபோது. சுட்டவுடன் குவாரிச் சுவர் திருப்பிச் சத்தம் கொடுத்தது. அதைக் கேட்பதற்காகவே இன்னொரு தோட்டாவைச் செலவழித்தேன்.

லைசென்ஸ் சும்மா கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். என்ன காரணம் என்று எழுத வேண்டும். எங்கள் ஃபைலில் எழுதியிருந்த காரணம், பக்கத்து நிலத்துக்காரர் சென்னகிருஷ்ணனால் உயிருக்கு ஆபத்து என்பது. எல்லைக்கல் நகர்ந்துவிட்டது என்று எட்டடி நிலத்துக்காக வந்த தகராறு. பதினோரு வருஷத்துக்கு முன் மண்வெட்டிக் காம்பால் என் வீட்டுக்காரரின் மண்டையில் ஒரு அடி போட்டார். ஏழு தையல். அதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே வண்டியில் கெலமங்கலம் சந்தைக்குப் போய் வந்தவர்கள். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கூட்டாளியின் பெண்டாட்டி அண்ணி முறை என்பதால் என்னை வதினம்மா என்று கூப்பிடுவார். அந்த அடிக்குப் பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஓசூர் கோர்ட்டில் வழக்கு போட்டோம். வீட்டுக்காரர் போன பிறகும் நான் விடவில்லை.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. சுற்றியிருந்த நிலமெல்லாம் பிளாட்டாகவும் கம்பெனியாகவும் ஆகிவிட்டது. வாடகைக்கு வந்திருப்பவர்கள் மதுரை, விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளைகள். ஷிப்டுக்குப் போவார்கள், வந்து தூங்குவார்கள், ஆறு மாதத்தில் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். முகத்தைப் பழகிக்கொள்வதற்குள் ஆள் மாறியிருக்கும். பேச்சுத்துணை என்று ஒருவரும் இல்லை. மாறாமல் இருந்தது சென்னகிருஷ்ணன் ஒருவர்தான்.

அவர் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும், எப்போது நிற்கும், எனக்குத் தெரியும். பெண்டாட்டி இறந்தபின் அவரே சமைத்துக்கொண்டார். என்றைக்கு ரசம் என்றைக்குக் களி என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். அவரும் என்னைக் கவனித்தபடியேதான் இருந்தார். நான் குவாரியில் சுட்டுவிட்டு வந்த மறுநாள் டீக்கடையில், "அந்தம்மா என்னெ சுடத்தான் பழகுது, பாத்துக்கினே இருங்க" என்று சொன்னாராம். டீக்கடைக்காரர் என்னிடம் பயந்து பயந்து சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னைப் பற்றி ஊரில் ஒருத்தராவது பேசினாரே என்று இருந்தது.

போன வருஷம் சிக்குன்குனியா வந்து இரண்டு நாள் கதவைத் திறக்காமல் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் எல்லைக்கல் பக்கம் யாரோ செருமுகிற சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர்தான். என் கதவையே பார்த்துக்கொண்டு நாலு தடவை செருமினார். நான் படுத்தபடியே இரண்டு தடவை இருமினேன். அவர் போய்விட்டார். செத்துவிட்டேனா என்று வேவு பார்க்க வந்தார் என்று அப்போது வக்கீலிடம் சொன்னேன்.

வாய்தா நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டரை மணி டவுன் பஸ்ஸில் நான் முன்னால் ஏறுவேன், அவர் பின்னால் ஏறுவார். கோர்ட்டுக்கு எதிரே ஒரே டீக்கடைதான். இந்த முனையில் நான், அந்த முனையில் அவர். "சக்கர இல்லாம" என்று கேட்டு வாங்குவார். சர்க்கரை வியாதி வந்துவிட்டது என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஒரு முழு நாளை இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து கழிப்போம். சாயங்காலம் தேதி தள்ளிப்போகும். வாய்தாவுக்கு மட்டும் பட்டுச்சேலை கட்டுவது எனக்குப் பழக்கம். கோர்ட்டுக்கு மரியாதை என்றுதான் கட்டினேன்.

இந்தத் தேர்தலுக்கு, லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லோரையும்போல நானும் துப்பாக்கியை உங்கள் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். தேர்தல் முடிந்து ரசீதோடு வந்தபோது நீங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்கள். நாற்காலி போடச் சொல்லிவிட்டு, நல்ல சேதி என்று சொன்னீர்கள். "சென்னகிருஷ்ணன் வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரும்மா. உங்களோட எந்த விரோதமும் இல்லையாம். எட்டடியையும் உங்களுக்கே விட்டுட்டாரு. நிலத்தை வித்துட்டு பெங்களூர்ல பொண்ணு வீட்டுக்குப் போறாராம். இனி உங்களுக்கு என்ன பயம்? லைசென்ஸ் இந்த மாசக் கடைசியோட முடியுது. புதுப்பிக்கக் காரணம் இல்ல. வந்து குடுத்துடுங்க." நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நீங்களும் சிரித்தீர்கள். அது உங்கள் தப்பில்லை.

அதற்கு மூன்று நாள் கழித்து, காலை ஏழரை மணிக்கு அவர் என் வாசலுக்கு வந்தார். விசாரணையின் முதல் நாள் நான் உங்களிடம் சொன்னது போலக் கொடுவாளோடு வரவில்லை. அந்தக் கொடுவாள் என் மாட்டுக்கொட்டகையில் கிடப்பது. அவர் கையில் தட்டு இருந்தது. வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், வழக்கை முடித்துக்கொள்ள வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்த ராஜி மனு. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு வதினம்மா என்று கூப்பிட்டார்.

உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டேன். வலது கையை நீட்டிக் காட்டி, "அண்ணன அடிச்ச கை இதுதான் வதினம்மா. இத்தினி வருசமா சோறு திங்கறப்பல்லாம் அதுவேதான் ஞாபகம் வரும்" என்றார். கண் கலங்கியிருந்தது. "உட்டுடலாம். எனக்கும் ஏலல. பொண்ணு மேகலா வந்துடு வந்துடுன்னு ஒரே பிடிவாதம்."

"பதினெட்டாம் தேதி வாய்தா இருக்குதே" என்றேன்.

"இனிமே எதுக்கு வாய்தா? நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, மிச்சத்த வக்கீல் பாத்துக்குவாரு. நாம போவ வேண்டியதில்ல."

"பஸ்ஸுக்கு எட்டரைக்கு நிக்கணும்."

நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. சிரித்தார். "பெங்களூருக்கு ஒருநா வாங்க வதினம்மா. வந்து ரெண்டு நா இருந்துட்டுப் போங்க" என்றார். அது வழியில் போகிறவர்களிடம்கூடச் சொல்கிற வார்த்தை. பதினோரு வருஷம் தினம் காலையில் எழுந்ததும் என் வாசலைப் பார்த்த மனுஷர், கிளம்பும்போது அந்த வார்த்தையைத்தான் சொன்னார். எனக்குத் துக்கம்தான் வந்தது. கோபம் கொஞ்சமும் இல்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும்.

காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். பால் பொங்குவதற்குள் தோட்டாவைப் போட்டுக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை போட்டும் அவருக்குச் சர்க்கரை இல்லாமலும் கலந்தேன். எட்டு மணியிலிருந்து கம்பெனிகளின் ஜெனரல் ஷிப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அந்த இரைச்சலில் டிவி சத்தமே கேட்காது. அதுவரை பேச்சுக் கொடுத்தேன். பேரப்பிள்ளைக்கு எத்தனை வயது, பெங்களூரில் தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் கேட்டேன். அரை மணி நேரம் பேசினோம். இந்த ஆறு வருஷத்தில் நான் யாரிடமும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. காப்பி நன்றாக இருக்கிறது என்றார். டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தபோது சுட்டேன். முகத்தைப் பார்த்துச் சுட்டால் பயந்துவிடுவார் என்று அந்த நேரத்துக்காகக் காத்திருந்தேன். கை கொஞ்சமும் ஆடவில்லை. உதைக்காது என்று சொன்னேன் அல்லவா.

பிறகு கொடுவாளை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். தட்டை உள்ளே எடுத்து வைத்தேன். பழத்தை நசுங்காமல் தனியாக வைத்தேன். ரோட்டுக்கு ஓடிக் கடைசிப் பஸ்ஸை மறித்து, கொல்ல வந்துவிட்டான் என்று கத்தினேன். எல்லோரும் நம்பினார்கள். ஃபைலிலேயே அப்படித்தானே எழுதியிருக்கிறது. நீங்கள் மட்டும் டம்ளர்களைப் பார்த்தீர்கள். ஒன்றில் எறும்பு மொய்த்திருந்தது, இன்னொன்றில் மொய்க்கவில்லை. "வெட்ட வந்த ஆளுக்குச் சர்க்கரை இல்லாம காப்பி யாரும்மா போட்டுத் தருவாங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டீர்கள்.

ஏன் செய்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிலத்துக்காக என்று உங்கள் ரைட்டர் எழுதப் பார்த்தார். அந்த எட்டடியில் கோரைதான் முளைக்கும், அதையும் சென்னகிருஷ்ணன் எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். துப்பாக்கிக்காக என்று நீங்கள் நினைக்கலாம். அதிலும் முழு உண்மை இல்லை. சென்னகிருஷ்ணனால் என் உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அது அன்றைக்குத்தான் நிஜமானது. அவர் போய்விட்டால் காலையில் கதவைத் திறந்தேனா இல்லையா என்று பார்க்க ஆள் கிடையாது. நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அதற்காகத்தானே லைசென்ஸ் கொடுத்தீர்கள். கொலைதான், ஒப்புக்கொள்கிறேன். யோசித்து, பால் பொங்கும்வரை காத்திருந்து செய்த கொலை. பேப்பரில் நீங்கள் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று கைது செய்யும்போது ஒரு ஃபாரம் கொடுத்தீர்கள். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு இடம் இருந்தது. நான் எழுதிய பேரைப் பார்த்துவிட்டு நீங்கள் அதைப் பேனாவால் அடித்துவிட்டு வேறு பேர் கேட்டீர்கள். வேறு பேர் எனக்குத் தெரியவில்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நீங்கள் அடித்திருக்க வேண்டாம், மேடம். சென்னகிருஷ்ணனுக்கே சொல்லி அனுப்புங்கள். பதினெட்டாம் தேதி வாய்தா இருக்கிறது, இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் ஒரு வாய்தாவுக்கும் வராமல் இருந்ததில்லை.