ஒத்துவராத கண்

— மறுபடியும் ஒத்துவரலையா? என்ன சார், விளையாடறீங்களா? போன தடவை இதே நாற்காலியில உக்காந்து, "அடேயப்பா, எது நிஜக் கண்ணு எது செஞ்ச கண்ணுன்னே தெரியலையே"ன்னு வாயைப் பிளந்தது நீங்கதானே?

— பிளந்தேன் மேடம். இங்க அச்சு அசலாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில பாத்தா, நீங்க செஞ்சது பேயைப் பாத்த மாதிரி முழிக்குது. என் சொந்தக் கண்ணு தேமேன்னு இருக்கு.

— நிறம் இடிக்குதா?

— நிறத்துல ஒரு குத்தம் சொல்ல முடியாது. சிவப்பு இழை ஒட்டி நரம்பு கூடப் போட்டிருக்கீங்களே! நடுவுல இருக்கற கறுப்பு வட்டம்தான். பெருசா இருக்கு.

— அளந்துதானே வரைஞ்சேன்? உங்க வீட்டுல வெளிச்சம் கூட இருக்கும். வெளிச்சம் கூடினா நிஜக் கண்ணுல வட்டம் சுருங்கும். வரைஞ்சது சுருங்குமா?

— லிஃப்ட் மெக்கானிக்னா எனக்கு அளக்கத் தெரியாதா? வெளிச்சம் பாக்கற உங்க மீட்டரையே வாங்கிட்டுப் போனேனே, மறந்துட்டீங்களா? ரெண்டு இடத்துலயும் ஒரே அளவுதான்.

— வீட்டுல வேற யாராவது பாத்துச் சொன்னாங்களா?

— யாரு இருக்கா சொல்ல? வீட்டுக்காரி போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் என் மூஞ்சியைப் பாக்கறது அந்தக் கண்ணாடி ஒண்ணுதான். வெளியில எல்லாரும் கண்ணைப் பாக்கக் கூச்சப்பட்டு என் காதைப் பாத்துப் பேசறாங்க. இதுவும் சரியா வரலைன்னா கறுப்புக் கண்ணாடியே கதின்னு கிடக்க வேண்டியதுதான்.

— சரி, மூக்கால அழாதீங்க. நிமிருங்க. என்னைப் பாருங்க... உங்க நிஜக் கண்ணுல வட்டம் அஞ்சு மில்லிமீட்டர். போன தடவையும் அஞ்சு. அளவுகோலும் சரி, என் தூரிகையும் சரி. ஆனா இந்த வெளிச்சத்துக்கு அஞ்சு வரக்கூடாதே!

— கை கிய் நடுங்கிருச்சா மேடம்?

— ஐயே! என் கை நடுங்கினா அன்னிக்கே கடையை மூடிடுவேன். இருங்க, கேமராவை எதிர்ல ஸ்டாண்டுல வெக்கறேன். அதையே பாத்துட்டு இருங்க, தானா படம் எடுக்கும். நான் பக்கத்து ரூமுக்குப் போறேன்.

— எதுக்கு? இங்கயே இருங்களேன்.

— சொன்னதைக் கேளுங்க சார்... எடுத்துடுச்சா? காட்டுங்க. அட. மூணு!

— எப்படிக் குறைஞ்சுது?

— அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே வெளிச்சம். நான் மட்டும் எதிர்ல இல்ல.

— புரியல மேடம்.

— நாங்க படிச்சதுதான். பயந்தா அந்த வட்டம் விரியும். இல்ல, மனசுக்குப் பிடிச்சவங்களைப் பாத்தா விரியும்.

— உங்ககிட்ட எனக்கென்ன பயம்?

— அதைத்தான் நானும் யோசிக்கறேன்.

— ...மன்னிச்சுக்குங்க. வேணும்னு பண்ணல. சத்தியமா எனக்கே தெரியாது.

— தெரியும். இதை வேணும்னு யாராலயும் பண்ண முடியாது.

— சின்னதாவே வரைஞ்சு குடுத்துடுங்க மேடம். இருக்கப்போறது அந்த வீட்டுலதானே. இனிமே வந்து தொந்தரவு பண்ண மாட்டேன்.

— தொந்தரவுன்னு யாருமே வர்றதில்ல சார். நாள் முழுக்க ஜனங்க கண்ணுக்குள்ளயே பாத்துட்டு உக்காந்திருக்கேன். வேலை நல்லா வந்துட்டா ஒருத்தரும் திரும்பி வர்றதில்ல. வேலை முடிஞ்சதும் கதவைப் பூட்டிட்டுப் போறப்ப, என்னைப் பாத்தது யாருன்னு யோசிச்சா ஒரு முகமும் வராது.

— இந்தாங்க, இந்தக் கண்ணைப் பிடிங்க. இது மேலயே திருத்தி வரைஞ்சுடலாமில்ல?

— வரையலாம். வேண்டாம். வீட்டுக்குச் சின்னதா புதுசு ஒண்ணு செய்யறேன். இதைப் பத்திரமா வெச்சிருங்க... இங்க வரும்போது இதைப் போட்டுக்கிட்டு வாங்க.