ஒரு சொட்டு வீணாகாமல்

புல்லுக்கு நண்பகலில் தண்ணீர் விடக் கூடாது. பாதி காற்றோடு போய்விடும். இங்கே வரும்போது உங்கள் காவல் நிலைய வாசலில் பார்த்தேன், குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். விடியலில் விடச் சொல்லுங்கள், சார். செடிக்கும் நல்லது.

அந்த வணிக வளாகத்தின் தோட்டம் என் பொறுப்பு. கடைகள், அலுவலகங்கள், சுற்றிலும் புல்லும் புதரும். நான் சேர்ந்தபோது தெளிப்பான்கள் வாகன நிறுத்தத்தைத்தான் நனைத்துக்கொண்டிருந்தன. தார் முளைக்கும் என்று யார் நினைத்தார்களோ. சரிவுகளில் புல்லை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் புதர்களை நட்டேன். வேரடியில் சொட்டுக் குழாய், அதன் மேல் மரச்சீவல். கூரையில் விழும் மழை முழுவதும் நிலத்தடித் தொட்டிக்கு வரும்படி செய்ததும் நான்தான். நகராட்சி தண்ணீருக்கு வரம்பு கட்டியபோது பக்கத்து வளாகங்கள் கையைப் பிசைந்தன. எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “தாண்டினா இணைப்பையே துண்டிச்சிடுவாங்க. உங்களை நம்பித்தான் இருக்கேன்” என்றார்.

என் தங்கையின் கணவரை அங்கே தோட்ட வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் நானே. மாப்பிள்ளை நல்ல மனிதர். அதை எழுதிக்கொள்ளுங்கள். பழைய வேலை போனதும் இருவரும் என்னோடு வந்து தங்கினார்கள். என் வீட்டில் இரண்டே அறை. காலையில் அவர் வாளி நிரம்பி வழியும் சத்தத்தில்தான் விழிப்பேன். வேலைக்குப் போக ஒரே வண்டி, என் பின்னால் அவர். அங்கேயும் அவர். மாலையில் திரும்பினால் என் நாற்காலியில் அவர். தங்கையிடம் வாய் திறக்க முடியாது. “உனக்கு அவரைக் கண்டாலே ஆகாது, அண்ணா” என்று கண்ணைக் கசக்குவாள்.

அவருக்கு முன்புறப் புல்வெளி மேல் உயிர். கோடையில் அது பழுத்துப்போகும். சாகாது, உறங்கும், மழை வந்தால் தானாக எழும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

“கடைக்காரங்க எல்லாம் என்னைத்தானே கேக்கறாங்க. பாக்கவே மனசு கேக்கல, மச்சான்.”

“மனசை வீட்டுல வச்சிட்டு வாங்க, மாப்ள.”

சிரித்தார். மீட்டர் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

நகராட்சித் தண்ணீரை நேராகப் புல்வெளிக்குக் கொண்டுபோகும் பழைய குழாய் ஒன்று உண்டு. அதன் வால்வு மழைநீர்த் தொட்டிக்குள், ஏணியின் அடியில் இருக்கிறது. கோடையில் தொட்டி காலி, யாரும் இறங்கலாம். அன்று உச்சி வெயிலில் தெளிப்பான்கள் சுழல்வதைப் பார்த்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனேன். மூடி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். அவர் முதுகு தெரிந்தது. கை வால்வின் மேல் இருந்தது.

மூடியைத் தள்ளிச் சாத்தினேன். தாழ்ப்பாளையும் போட்டேன். கொஞ்ச நேரம் இருட்டில் இருந்தால் புத்தி வரும் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் இல்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழை வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வானம் கறுத்ததும் கொட்டியதும் ஒன்றாக நடந்தது. அவ்வளவு பெரிய கூரையின் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும் சத்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும். குடையை விரித்துக்கொண்டு மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“மச்சான், தண்ணி வருது. திறங்க.”

“வால்வை மூடிட்டீங்களா?”

“அப்பவே மூடிட்டேன். திறங்க மச்சான், இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு.”

புல்வெளியைப் பார்த்தேன். எது தெளிப்பான், எது மழை என்று தெரியவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். நம்பிப் போய்ப் பார்த்தால் வேறாக இருக்கும்.

பம்ப் அறையில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதைத் திருப்பினால் தொட்டித் தண்ணீர் முழுவதும் தெருச் சாக்கடைக்குப் போய்விடும். திருப்பியிருக்கலாமே என்கிறீர்கள். போய்க் கைகூட வைத்தேன். கோடை முழுவதும் தாங்கும் தண்ணீர் அது, சார். எப்படி மனம் வரும்? தாழ்ப்பாளை நீக்குவது அதைவிட எளிது, உண்மைதான். நீக்கினால் மேலே வருவார். வண்டியில் என் பின்னால் ஏறுவார். வீட்டுக்கு வருவார். மறுநாளும் வருவார்.

தட்டும் சத்தம் நின்ற பிறகு குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனேன். தங்கை போன் செய்தாள்.

“அவர் எங்கண்ணா? குடை எடுத்துட்டுப் போகல.”

“எங்கயாவது ஒதுங்கியிருப்பாரு. நீ சாப்பிடு.”

அவரைத் தேடியவர்களோடு நானும் தேடினேன். புதர்களுக்குத் தொட்டித் தண்ணீரைத்தான் விட்டேன். நன்றாகத் துளிர்த்தன. பிறகு பம்ப் இழுக்கவில்லை என்று பழுதுபார்க்க வந்தவர் மூடியைத் திறந்தார். மற்றது உங்களுக்குத் தெரியும். நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும். வால்வு மூடித்தான் இருந்தது என்று நேற்று சொன்னீர்கள். இரவெல்லாம் அதையே யோசித்தேன். உங்கள் ஆட்கள் கையால் திருப்பிப் பார்த்தார்களா, கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னார்களா? பார்வைக்கு மூடியதுபோல்தான் இருக்கும். யாரையாவது அனுப்பி இன்னும் அரைச் சுற்றுத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும், சார். நிச்சயம் திரும்பும்.