நார்வே மீனவனின் தம்பி

உட்காருங்கள் அருணகிரி. நார்வே நாவல் ஏதாவது படித்திருக்கிறீர்களா? எழுபது பக்கத்துக்குப் பனி பெய்யும். பிறகு ஒருவன் கதவைத் திறந்து, பனி பெய்கிறது என்பான். இருநூறாம் பக்கத்தில் கதவைச் சாத்துவான். இங்கே சித்திரை வெயிலில் மலை தோசைக்கல்லாகக் காய்கிறது. எனக்கு அதைப் படிக்கப் படிக்க உடம்பெல்லாம் அலுத்துப்போகும்.

எழுபத்தெட்டில் சன்னதித் தெரு வாசகர் வட்டம் யார் நாவலைப் பற்றி நன்றாகப் பேசுகிறார்கள் என்று ஒரு போட்டி வைத்தது. தமிழில் வந்த ஸ்காண்டிநேவிய நாவல்கள், நார்வே, சுவீடன், டென்மார்க் என்று வரிசையாக, மாதத்துக்கு ஒன்று. ஒரே பிரதி கைமாறும். எழுந்திருப்பவர் முதலில் கதையின் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். படிக்காமல் பேசுகிறவர்களுக்காகப் போட்ட விதி.

உங்கள் அம்மா ரேணுகாம்பாள் டீச்சர் எழுந்தால் மின்விசிறிகூடச் சத்தமில்லாமல் சுற்றும். நான் எழுந்தால் காபி வரும். வருடக்கணக்காக வந்தது.

டீச்சருக்குக் கண்புரை முற்றியதும், படித்துக் காட்ட நான்தான் ஒத்துக்கொண்டேன். முதல் நாவலில் ஒரு மீனவன் கடலுக்குப் போகிறான், வருகிறான், கஞ்சி குடிக்கிறான். கொட்டாவி தாங்கவில்லை. அவனுக்கு ஒரு தம்பியைக் கொடுத்தேன். அடுத்த அத்தியாயத்தில் மீனவனை விட்டே அவனைக் கொன்று பனியில் புதைக்க வைத்தேன். ஓநாய் வந்து தோண்டியது. விட்டிருந்தால் நாற்பது ஓநாய் வந்திருக்கும். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

அந்தக் கொலையைப் பற்றி அவர் பேசியதுபோல் வட்டத்தில் யாரும் பேசியதில்லை. பேங்கில் வேலை பார்க்கும் வேதாதான் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அந்தக் கதையில தம்பியே கிடையாதுங்களே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் உள்ளதைத்தான் படிச்சேன்" என்றேன். "டீச்சருக்குத்தான் இப்பல்லாம் ஞாபகம் கொஞ்சம் கம்மி."

மறுமாதம் ஒவ்வொரு அத்தியாயத்தையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். இரண்டாம் தடவை வேறு மாதிரி.

"மொதல்ல படிச்சப்ப கிழவி செத்துட்டாளே, சார்?"

"இல்லைங்க டீச்சர், அவ நல்லாத்தான் இருக்கா."

சுவீடன் முடிவதற்குள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். டென்மார்க்கில், அடுப்பை அணைத்தேனா என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் நீங்கள் மதராஸிலிருந்து வந்து என்னிடம் யோசனை கேட்டீர்கள். கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, செய்யலாமா என்று. புத்தி தடுமாறுகிறவரைக் கத்திக்கு முன்னால் படுக்கவைத்தால் பயந்துவிடுவார், ஆறப்போடுங்கள் என்றேன். ஆறப்போட்டீர்கள், வருடக்கணக்காக. இப்போது புரை முற்றிக் கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பே போய்விட்டது, இனிச் செய்து பயனில்லை என்கிறாராம் டாக்டர்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கத்தானே வேதா உங்களை அனுப்பியிருக்கிறாள்? பார்வை வந்தால் டீச்சர் முதலில் எடுப்பது அந்த மீனவன் புத்தகமாகத்தான் இருக்கும். அதற்காகத்தான்.

நேற்றும் போய்ப் படித்தேன். ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது, கற்பனை முன்போல் ஓடவில்லை. பாதியில் கையைத் தூக்கினார். "இது புத்தகத்துல இருக்கா சார், இல்ல நானா நெனச்சிக்கறேனா?"

உள்ளதுதான் என்றேன். அவர் நம்பவில்லை. இத்தனை வருடம் கூலி வாங்காமல் படித்துக் காட்டியிருக்கிறேன் அருணகிரி, என் பேச்சில் அந்த நம்பிக்கைகூட இல்லை உங்கள் அம்மாவுக்கு.